மிதிக்காத பாத்தியில் போர்டு கூடியது

கிளியனூர் தாண்டிப் பாண்டி போகிற ரோட்டில் இருக்கும் சஞ்சீவிக்குடில் இரைப்பை-குடல் புற்றுநோய் உயராய்வு நிறுவனத்துக்குள் போக இரண்டு வாசல். கிழக்கு வாசல் அறுக்கிறவர்களுடையது. மேற்கு வாசல் மருந்து ஏற்றுகிறவர்களுடையது. வெளியே வருகிற வாசல் ஒன்றுதான். அது பின்பக்கம், ஜெனரேட்டர் ரூமுக்கும் சவக்கிடங்குக்கும் நடுவில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்லி மூச்சை வீணாக்குவதில்லை. குடல் ஆஸ்பத்திரி என்பார்கள்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற கன்னியப்பன் மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான். அவன் செய்த தப்பு அதுதான். ஷேர் வேன் ஓட்டும் கோட்டக்குப்பத்து தமீம் அன்சாரி நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினான். காலை நேரம், நிழல் மேற்கே இருந்தது. வேறு காரணம் கிடையாது.

சாப்பிட்டது இறங்காமல் வயிறு உப்பி, மலம் கறுப்பாகப் போய், எடை பாதியாகி வந்திருந்தவனுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி. மருந்துப் பக்கத்துக்குத் தலைவர் டாக்டர் பிரபு. கெட்டிக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, குறிப்பாக அவருக்கு இல்லை.

"முதல்ல மருந்து ஏத்தி கட்டியச் சுருக்கறோம்," என்று அவர் கன்னியப்பனின் மனைவி செந்தமிழுக்குப் படம் போட்டே காட்டினார். "சுருங்கின கையோட அந்தப் பக்கம் அனுப்பிடுவேன். வயித்துல முக்கால்வாசிய அறுத்து எடுத்துட்டு, மிச்சத்தக் குடலோட சேத்துத் தச்சிடுவாங்க. அப்பறம் மறுபடி மருந்து. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்கம்மா. மருந்துக்கும் கத்திக்கும் நடுவுல கேப் விடக்கூடாது. விட்டா திரும்ப வளரும்."

அத்தனையும் நிஜம். அந்த நிறுவனத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. சொன்னதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மருந்து ஏறியது. தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தியது. முடி போனது. நாக்கு செத்தது, உப்பளத்துக்காரனுக்கு உப்பு தெரியவில்லை. கன்னியப்பன் வாய் திறக்கவில்லை. அவன் அப்படித்தான். மேஸ்திரி வையும்போதுகூட வரப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். கடைசி மருந்து முடிந்து ஸ்கேன் எடுத்தபோது கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. டாக்டர் பிரபு அந்தப் படத்தை விளக்கில் மாட்டி, படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல் இருந்தது.

"அப்ப அறுத்துடலாங்களா?" என்றாள் செந்தமிழ்.

"போர்டுல வைக்கிறேன்," என்றார் பிரபு.

போர்டு என்றால், ஒரு நோயாளிக்கு என்ன செய்வது என்று எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற கூட்டம். நல்ல ஏற்பாடுதான். வேறு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது, அங்கெல்லாம் முடிவும் எடுக்கிறார்களாம். குடல் ஆஸ்பத்திரியில் போர்டு வியாழக்கிழமை கூடும். முதலில் குத்துவிளக்கு. பிறகு கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்துக்குப் பொன்னாடை போர்த்தும். மேற்கு திருப்பிப் போர்த்தும். பிறகு இயக்குநர் பேசுவார். அதன் பின் டீ வரும். டீக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் நோயாளிகள்.

கன்னியப்பனும் செந்தமிழும் வெளியே பெஞ்சில் குந்தியிருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும்.

அறுவைப் பக்கத்தின் தலைவர் டாக்டர் வெங்கடாசலத்தின் குரல் முதலில் வந்தது. "இந்த கேஸ் எங்கிட்டதான் முதல்ல வந்திருக்கணும். அவர் பாட்டுக்கு மருந்த ஊத்தி, ஓரம் எது நடு எதுன்னு தெரியாமப் பண்ணி வச்சுட்டு, இப்ப வந்து அறுன்னா? எச்சில் இலைல நான் உக்கார மாட்டேன் சார்."

"நான் சுருக்கிக் குடுத்தத நீங்க வெட்டி பக்கெட்டுல போட்டுட்டு, குணமாக்கினது நானுன்னு கான்ஃபரன்ஸ்ல போய்ப் பேசுவீங்க," என்றது பிரபுவின் குரல். "போன வருஷம் பேசினீங்க. நான் முன் வரிசைலதான் உக்காந்திருந்தேன்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "இருவர் சொல்வதிலும் ஆழம் இருக்கிறது. இந்த ஆழத்தில் அவசரப்பட்டு இறங்கக் கூடாது. அடுத்த வாரம் பார்ப்போம்."

ஒரு நர்சம்மா வெளியே வந்தாள். "கன்னியப்பன் யாரு? ஸ்டேபிள்னு போட்டிருக்காங்க. அடுத்த வியாழன் வெறும் வயித்தோட வாங்க."

"வெறும் வயித்தோட எதுக்கும்மா?"

"ஒருவேள அட்மிட் பண்ணச் சொல்லிட்டா?"

அப்படியாக, வயிற்றில் நோயுள்ளவன் வாராவாரம் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு மரக்காணத்திலிருந்து கிளியனூருக்கு வந்தான். ஒரு வியாழன் ஆள் சேரவில்லை. ஒரு வியாழன் ஆள் சேர்ந்தது, பொன்னாடை சேரவில்லை. பிறகு, சுருங்கிய கட்டி கிழக்குக்குச் சொந்தமா மேற்குக்குச் சொந்தமா என்று பார்க்க ஒரு துணைக்குழு போட்டார்கள். கன்னியப்பன் உட்காரும் பெஞ்சு மேற்குப் பக்கத் தாழ்வாரத்தில் கிடப்பதே ஒருதலைப்பட்சம் என்று துணைக்குழு கண்டுபிடித்தது. பெஞ்சைத் தூக்கி இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரே இடத்தில் போட்டார்கள். அது கக்கூஸ் வாசல்.

செந்தமிழ் வரவேற்பு மேசைக்குப் போனாள். "நாங்க கவுர்மென்ட் ஆஸ்பத்திரிக்கே போய்க்கறோங்க. எங்க பேப்பருங்களக் குடுத்துடுங்க."

மேசையில் இருந்த பெண் அன்பாகச் சிரித்தாள். "போர்டு முடிவாகாத கேஸோட பேப்பர வெளிய குடுக்கறதில்லைங்க. முடிவாயிட்டா நீங்க வெளிய போக வேண்டிய அவசியமே இருக்காது."

இதற்குள் கன்னியப்பனுக்கு மறுபடி சோறு இறங்காமல் போனது. அரை இட்லி தின்றால் அதற்கும் மேலாக வெளியே வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல செந்தமிழுக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. கேப் விட்டா திரும்ப வளரும். படம் போட்டுச் சொன்னவரிடமே போய்ச் சொன்னாள். பிரபு வருத்தமாகத் தலையாட்டினார்.

"நான் என்னம்மா பண்றது? என் மருந்து என் வேலைய முடிச்சிடுச்சு. கத்தி அவர் கைல இருக்கு."

வெங்கடாசலத்தையும் பார்த்தாள். அவரும் வருத்தமாகத்தான் இருந்தார். "எனக்கு அறுக்கறதுக்கு ஒரு மணி நேரம் போதும்மா. ஆனா ப்ரின்ஸிபிள்னு ஒண்ணு இருக்குல்ல."

அந்த மாதம் நிறுவனத்தின் ஆண்டு விழா வந்தது. கன்னியப்பனுக்கு 'முன்மாதிரி நோயாளி' விருது கொடுத்தார்கள். மேடையில் இயக்குநர் அவன் தோளில் கை போட்டுப் பேசினார்.

"இந்த மனிதரைப் பாருங்கள். எத்தனை வாரம் காத்திருக்கிறார். ஒரு கேள்வி? ஒரு முணுமுணுப்பு? இல்லை. இன்றைக்கு நோயாளிகளிடம் பொறுமை குறைந்துவிட்டது. சிலர் அவசரப்பட்டு வேறு மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் அவசரப்பட்டு இறந்தே விடுகிறார்கள். நாங்கள் முடிவெடுப்பதற்கு அவகாசமே தருவதில்லை. அவர்களுக்கெல்லாம் கன்னியப்பன் ஒரு பாடம்."

கைத்தட்டினார்கள். அவன் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்கள். அது தொண்டை தாண்டி, கட்டிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, போர்த்தியிருந்த பொன்னாடையின் மேலேயே திரும்பி வந்தது. போட்டோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள்.

"எதையோ ஒண்ண வெட்டுனானுங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றாள் போட்டோவைப் பார்த்த கொளஞ்சியம்மாள். உப்பு வாரும் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் கொத்துத் தலைவி. அவள் வாய்க்கு மேஸ்திரியே ஒதுங்கிப் போவான்.

அடுத்த வியாழன் தமீமின் வேன் கிளம்பத் தயாராக நின்றபோது போன் வந்தது. இன்றைக்கு போர்டு இல்லை. டாக்டர்கள் எல்லாரும் விழிப்புணர்வு முகாமுக்குப் போகிறார்கள்.

"எங்கங்க முகாம்?" என்று கேட்டாள் செந்தமிழ்.

"மரக்காணம் உப்பளத்துலம்மா. நீங்களும் வந்துடுங்க. உங்க வீட்டுக்காரர் மேடைல நிக்கணும்."

உப்பளத்து ஓரம் ஷாமியானா போட்டிருந்தார்கள். 'உப்பை ஒழிப்போம், இரைப்பை காப்போம்' என்று பேனர். அதன் கீழே உப்பு வாருகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நிறுத்தினதற்குக் கூலி உண்டா என்று மேஸ்திரியைக் கேட்டார்கள். அவன் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு ஒரு வெள்ளை எமன்," என்றார் இயக்குநர். "உப்பில் ஊறிய உணவு இரைப்பையை அரிக்கிறது. இதோ நிற்கிறாரே கன்னியப்பன், இவரே சாட்சி. ஆகவே உங்களை இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மனது வைத்தால் இந்த மரக்காணத்தில் உப்பே இல்லாமல் செய்துவிடலாம்."

"செஞ்சுட்டு இன்னாத்தத் தின்றது?" என்றாள் கொளஞ்சியம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம்.

"உப்பில்லாத கஞ்சி."

"உப்பு இல்லன்னா கஞ்சி ஏதுடி?"

பேச்சு முடிந்ததும் போட்டோ எடுக்கிற பையன் சுற்றிப் பார்த்து, தூரத்தில் ஒரு பாத்தியைக் காட்டினான். மற்ற பாத்திகளில் கால் தடமும் வாரிய கோடும் இருந்தன. அது மட்டும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. "அங்கே இரண்டு துறைத் தலைவர்களும் நானும் நடுவில் நிற்கிறோம். நோயாளி வரப்பில் நிற்கட்டும். நாங்கள் அவரை நோக்கிக் கை நீட்டுகிறோம். போஸ்டருக்கு ஆகும்."

அது கன்னியப்பனின் பாத்தி. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளில் இறங்கி, தரை கெட்டிப்படும்வரை நாள் கணக்கில் காலால் மிதிப்பார்கள். மிதித்தால்தான் அடிக் களிமண் இறுகி ஆளைத் தாங்கும். கன்னியப்பன் இந்த வருஷம் கக்கூஸ் வாசலில் குந்தியிருந்ததால் அந்தப் பாத்தியை மிதிக்க ஆளில்லை. தேங்கிய உப்புத்தண்ணீர் காய்ந்து மேலே அப்பளம் போல் ஆடை கட்டியிருந்தது. அடியில் சேறு. அந்தச் சேறு ஆளை விழுங்காது. தொடைவரைக்கும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"ஐயா, அது மிதிக்காத பாத்திங்க," என்றாள் செந்தமிழ்.

"அதனால்தானே இவ்வளவு சுத்தமாக இருக்கிறது," என்றார் இயக்குநர்.

அவள் ஒருதரம் சொன்னாள். இரண்டாந்தரம் சொல்லவில்லை. மற்றவர்கள் ஒருதரமும் சொல்லவில்லை.

மூன்று பேரும் யார் முன்னே போவது என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு, கடைசியில் சேர்ந்தே நடந்தார்கள். நடுப்பகுதிவரை உப்பு ஆடை தாங்கியது. நின்று, திரும்பி, கை நீட்டினார்கள். கேமரா கிளிக் என்றது. உப்பும் கிளிக் என்றது.

முதலில் இயக்குநர் முழங்கால்வரை போனார். அவரைத் தூக்கக் குனிந்த வெங்கடாசலம் தொடைவரை போனார். பிரபு ஓடப் பார்த்தார். அங்கே ஓடினால் இன்னும் ஆழமாகப் போகும் என்பதை அவருக்கு யாரும் படம் போட்டுச் சொல்லியிருக்கவில்லை. நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

"யாராவது வாங்க," என்றார் வெங்கடாசலம். "காலு எரியுது."

ஆஸ்பத்திரி ஆட்கள் வரப்பில் நின்று தங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் ரோட்டோரம் நின்றது, வரப்பில் வராது. உப்பளத்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். வந்து, வரப்பு நெடுக வரிசையாகக் குந்தினார்கள்.

"டேய், கயிறு எடுங்கடா," என்று மேஸ்திரி கத்தினான்.

"இரு மேஸ்திரி. அவசரப்படாத," என்றாள் கொளஞ்சியம்மாள். "இது பெரிய கேஸு. போர்டு கூடாம கைய வெக்கலாமா?"

தமீம் பீடியைப் பற்றவைத்துத் தீக்குச்சியை உயர்த்திக் காட்டினான். "விளக்கு ஏத்தியாச்சு. இன்ஷா அல்லா, ஆரம்பிங்க அக்கா."

ஒருத்தி எழுந்து தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொளஞ்சியம்மாளுக்குப் போர்த்தினாள். எல்லாரும் கைத்தட்டினார்கள். சேற்றில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகாமின் அடுத்த நிகழ்ச்சியோ என்று இயக்குநருக்குக்கூடச் சந்தேகம்.

"கேஸு இன்னா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"மூணு பேருக்கா. சேத்துல."

"நெலம?"

"மூச்சு இருக்குது. பேச்சும் இருக்குது. ஸ்டேபிள்."

"சரி. இன்னா பண்ணலாம்?"

"கயிறு போட்டு வெடுக்குனு இழுத்துடலாம்," என்றார் ஒரு பெரியவர்.

"அதெல்லாம் தப்பு," என்றான் இன்னொருவன். "மொதல்ல மடையத் தொறந்து தண்ணி விட்டு சேத்த எளக்கணும். எளகின அப்பறந்தான் கயிறு."

"நீ தண்ணி விட்டுக் கொழப்பி வச்ச சேத்துல நான் கயிறு போடணுமா? எச்சில் எலைல குந்த மாட்டேன்."

வெங்கடாசலத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ரெண்டு பேரு சொல்றதும் ஆழமாத்தான் கீது," என்றாள் கொளஞ்சியம்மாள். "அவங்க நிக்கற ஆழம் மாதிரியே."

"என்ன விளையாட்டு இது?" என்று இயக்குநர் குரலை உயர்த்தினார். "ஒரு உயராய்வு நிறுவனத்தின் இயக்குநர் நான். உயிரோடு விளையாடுகிறீர்கள். இதற்கு யார் பொறுப்பு? நிற்கிறவனை நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது மனிதத்தனமா?"

அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.

வெயில் உச்சிக்கு ஏறியது. உப்பு ஆடையின் உடைந்த விளிம்பு கண்ணாடி மாதிரி கால்களைக் கீறியது, கீறின இடத்தில் உப்புத்தண்ணீர் இறங்கியது. அறுக்கிறவரும் மருந்து ஏற்றுகிறவரும் இரண்டு சிகிச்சையையும் ஒரே நேரத்தில், எந்தத் தகராறும் இல்லாமல் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

செந்தமிழ் வரப்பு விளிம்புக்கு வந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"என் வூட்டுக்காரர என்னிக்கு அறுக்கறீங்க?"

"அதை போர்டில்தானம்மா..." என்று இயக்குநர் தொடங்கினார்.

"போர்டு மூணு பேரும் இங்கதான கீறீங்க. கூடுங்க."

"ஸ்கேன் பார்க்காமல்..." என்றார் வெங்கடாசலம்.

"அவரு வாந்தி எடுக்கறத நான் பாக்கறேன். நீங்க ஸ்கேனு எப்ப எடுப்பீங்க, எப்ப அறுப்பீங்க, அத மட்டும் சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன். எனக்கு வேற வேல இல்ல. நீங்கதான் வேல இல்லாமப் பண்ணிட்டீங்க."

பிரபு வெங்கடாசலத்தைப் பார்த்தார். சேற்றில் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

"நாளைக்குக் காலைல ஸ்கேன் எடுத்திடலாம்," என்றார் பிரபு, மெதுவாக. "பரவலைன்னா நீங்க..."

"பரவலைன்னா சனிக்கிழமை நான் எடுத்துடறேன். கிளியரா ஓரம் விட்டு எடுத்துடறேன். அப்பறம் நீங்க மருந்தத் தொடருங்க."

"ஓரம் கொழப்பமா இருந்தா..."

"அத நான் பாத்துக்கறேன் பிரபு."

"சார், உங்க முடிவு?" என்றார்கள் இருவரும் இயக்குநரைப் பார்த்து. இயக்குநர் அவசரமாகத் தலையாட்டினார். விளக்கு இல்லை, டீ இல்லை. அந்த நிறுவனத்தின் சரித்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த போர்டு வேறு இல்லை.

"தம்பி, கேமரா ஓடுதா?" என்றாள் செந்தமிழ். போட்டோவுக்குப் பிறகு வீடியோவுக்கு மாற்றியது, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பையன் நிறுத்த மறந்திருந்தான், அல்லது மறக்கவில்லை. "அதப் பாத்து இன்னொருதரம் சொல்லுங்க."

சொன்னார்கள், மூன்று பேரும், தனித்தனியாக.

"இப்போதாவது தூக்கிவிடுங்கள்," என்றார் இயக்குநர்.

கொளஞ்சியம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சுங்க. சாப்ட்டு வந்து உங்க கேஸ எடுத்துக்கறோம். அதுவரைக்கும் வெறும் வயித்தோட இருங்க. அதான் நல்லது."

தூக்கு வாளிகளைத் திறந்தார்கள். கஞ்சியும் கருவாடும். நிதானமாகத்தான் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது, ஆனால் வேறு எங்கும் போயிருக்கவில்லை. சனிக்கிழமை வெங்கடாசலம் அறுத்தார். சுத்தமான வேலை. அவருக்கு அது தெரியும், எப்போதுமே தெரிந்துதான் இருந்தது. அதே வாரம் கிளியனூர் கூட்டு ரோட்டில் நிறுவனம் ஒரு பேனர் வைத்தது. உப்பு வெள்ளைக்கு நடுவில் மூன்று டாக்டர்கள் கை நீட்டி நிற்கிறார்கள், இடுப்புக்கு மேலே மட்டும். 'களத்தில் இறங்கி முடிவெடுப்போம்' என்று எழுதியிருந்தது. தமீம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேனை மெதுவாக்கி, ஏறியிருக்கிறவர்களுக்கு இடுப்புக்குக் கீழே என்ன இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கியரை மாற்றினான். கேமராப் பையனிடம் வாங்கிய வீடியோவையும் காட்டினான்.

தையல் ஆறிக்கொண்டிருந்த ஒரு காலையில் வெங்கடாசலம் வார்டுக்கு வந்தார். தனியாக வந்தார். கொஞ்சம் நொண்டினார். கட்டைப் பிரித்துப் பார்த்து, திருப்தியாகி, மறுபடி கட்டினார். போகாமல் நின்றார். பிறகு பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். கெண்டைக்கால் முழுக்க உப்பு அரித்த புண். ஓரம் வெளுத்து, நடுவில் சிவந்து, தண்ணீர் வடிந்தது.

"எல்லா ஆயின்மென்ட்டும் போட்டுட்டேன்," என்றார், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். "ராத்திரி தூங்க முடியல. உங்க ஆளுங்களுக்கும் இது வரும்ல? வந்தா என்ன போடுவீங்க?"

செந்தமிழ் புருஷனைப் பார்த்தாள். கன்னியப்பன் அந்தக் கால்களைச் சாவகாசமாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"ஒண்ணும் போட மாட்டோங்க," என்றான். "மறுநாளும் அதுலயேதான் எறங்குவோம்."